பஞ்சசீலமும் தனி கிளாசும்

திருத்தணி மலைக்கு 365 படி. ஏறினால் புண்ணியம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்தது பாவம் என்று ஒருத்தரும் சொல்லலை.

அண்ணலின் 'புத்தரும் அவர் தம்மமும்' (1957) என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். தனியாளுக்குத் தம்மம் எதற்கு? ரெண்டு பேர் பழகுகிற இடத்தில்தான் அதற்கு வேலை என்கிறார். நம் தோழர்களோ பஞ்சசீலத்தைக் 'குடிக்காதே' என்று சுருக்கி, சேரிக்குள் மட்டும் ஓதுகிறார்கள். குடி கேடுதான், என் அப்பாவைத் தின்றது அதுதான். ஆனால் 1956இல் நாகபுரியில் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மனிதர் எல்லாரும் சமம் என்பதும் இருக்கே, அதை ஊர்த்தெருவில் யார் ஓதுவது?

ஊரை விடுங்கள். இதை எழுதி முடித்து, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கழுவினது என் மனைவி.