காலியான நடுக்களம்: ரோட்ரியின் முழங்காலை முன்வைத்துக் கால்பந்தை ரசிப்பது எப்படி?

கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் கோலடிப்பவர்களின் பெயர்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் முக்கியமான நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறி, அவருடைய இடத்துக்கு யார் என்று பழைய ரசிகர்கள் வாதிடத் தொடங்கியதும், இது நமக்குப் புரியாத பேச்சு என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டிய இடமே அதுவல்ல. ஓர் அணி எதன்மேல் நிற்கிறது என்பது அதன் நடுப்பகுதி ஆட்டங்காணும்போதுதான் வெளியே தெரியவரும் என்பதால், 2024-25 பருவத்தில் மான்செஸ்டர் சிட்டி பட்ட பாட்டைவிடப் புதியவர்களுக்கு ஏற்ற பாடம் அண்மைக் காலத்தில் அமைந்ததில்லை.

அடிப்படை எளிது. தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால் நின்று, பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுத்து, இரு வரிசைகளையும் பிணைப்பவர் தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரர் எனப்படுகிறார். மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். ஸ்பெயினைச் சேர்ந்த ரோட்ரி 2019-இல் அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து வந்ததுமுதல் சிட்டியில் ஆற்றிவந்த பணி இதுதான். 2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில், தொடங்கிச் சுமார் 20 நிமிடங்களிலேயே, அவருடைய வலது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டியிருக்கும் நாணுக்கே அந்தப் பெயர்.

அவர் வெளியேறிய உடனேயே ஆர்சனலின் கலஃபியோரி கோலடித்து ஆட்டத்தைச் சமன் செய்ததைச் சுட்டி, ரோட்ரி இல்லாததன் முதல் விளைவு அது என்று எழுதுவது மேலோட்டமான விமரிசனத்துக்கு நல்ல சான்று. நடுவர் சிட்டியின் தலைவர் வாக்கரை அழைத்துப் பேசி அனுப்பியபின், அவர் தம் இடத்துக்குத் திரும்புவதற்குள் விரைந்து எடுக்கப்பட்ட ஃப்ரீ கிக்கில் விழுந்த கோல் அது. ரோட்ரியின் இன்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோலிலிருந்து காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகும் இந்த வழக்கத்தைக் கைவிட்டால்தான் நடுக்களம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது பிடிபட்டால் மாற்று ஆட்டக்காரர் பற்றிய விவாதம் முழுவதும் பிடிபட்டுவிடும். நடுக்களத்தில் ஓடி அடைப்பவர், நின்று அடைப்பவர் என இரு வகையினர் உண்டு. ஓர் அணி எல்லோரையும் முன்னேற்றித் தாக்கிக்கொண்டிருக்கையில் பந்து பறிபோனால், எதிரணி அந்தக் காலி நிலத்தில் பாய்ந்து வருவதை எதிர்த்தாக்குதல் என்பர். பந்து பறிபோனபின் ஆபத்தை நோக்கி ஓடிச் சென்று அதைப் பிடுங்குபவர் முதல் வகை. 2016-இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது என்கோலோ காந்தே காட்டிய ஆட்டம் அதன் உச்சம், அரங்கம் அதற்கு எழுந்து நின்று கைதட்டும். இரண்டாம் வகையினர், பந்து தம் அணியிடம் இருக்கும்போதே, அது பறிபோனால் எதிரணியின் முதல் பாஸ் எங்கே போகுமோ அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். பந்தைப் பறித்த எதிரணி வீரர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், கொடுக்க நினைத்த இடத்தில் ஆள் நிற்பதைக் கண்டு பந்தைப் பின்னால் தட்டிவிடுகிறார், எதிர்த்தாக்குதல் பிறக்காமலே போகிறது. கைதட்டல் இல்லை, புள்ளிவிவரத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. செர்ஜியோ புஸ்கெட்ஸ் பல ஆண்டுகள் செய்த இந்த வேலையை ஸ்பெயின் அணியில் அவருக்குப் பின் ஏற்றவர் ரோட்ரி. சிட்டி வலப்பக்கம் தாக்கும்போது, சக வீரர்கள் பெனால்டி எல்லைக்குள் திரள, அவர் மட்டும் பக்கவாட்டில் இரண்டு மூன்று எட்டு நகர்ந்து, பின்னால் பதுங்கியிருக்கும் எதிரணி முன்கள வீரருக்கு அருகில் போய் நிற்பதைக் கவனிக்கலாம். பந்து தம்மை நோக்கி வரும் நேரத்திலும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். பாஸ்களில் எத்தனை சதவீதம் சரியாகப் போயின என்று அடுக்கி மாற்று ஆட்டக்காரரை எடைபோடுபவர்களும், கணினி விளையாட்டு வழங்கிய மதிப்பெண்ணைச் சான்றாகக் காட்டுபவர்களும் இந்த இரண்டு மூன்று எட்டுகளை ஒருபோதும் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

அந்தப் பருவத்தில் சிட்டியிடம் மாற்று இல்லாமலிருக்கவில்லை. கோவாசிச் பந்தைக் காலோடு கொண்டுபோவதில் ரோட்ரியைவிட வேகமானவர். குண்டோகன் பாஸ் கொடுப்பதில் எவருக்கும் குறைந்தவரல்லர், ஆனால் அந்த அக்டோபரில் அவருக்கு வயது 34. இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், இருவருமே நின்று அடைப்பவர்கள் அல்லர். அக்டோபர் இறுதியிலிருந்து அனைத்துப் போட்டிகளிலுமாகச் சேர்த்து அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. ஐந்தாவது, நவம்பர் 23 அன்று சொந்த அரங்கில் டாட்டன்ஹாமிடம் 0-4. தற்காப்பிலும் காயங்கள் இருந்தன என்பது உண்மையே. எனினும் கடைசி கோலில் டாட்டன்ஹாமின் வெர்னர் இடப்பக்கமாக ஓடி, வாக்கரை முந்தி, ஜான்சனுக்குப் பந்தைத் தரும் வரை நடுக்களம் திறந்தே கிடந்ததைப் பதிவில் காணலாம். இன்னொரு சான்றும் உண்டு. 2023-24 பருவத்தில் பட்டம் வென்ற சிட்டி லீக்கில் தோற்றது மூன்றே ஆட்டங்களில், அந்த மூன்றிலும் ரோட்ரி ஆடவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், 2024 அக்டோபரில் பாரிசில் ஊன்றுகோலோடு வந்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதை அவர் பெற்றபோது, வித்தை காட்டாதவருக்கு விருதா என்று முணுமுணுத்தவர்கள் சுருக்கக் காணொளிகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள்.

சரியான மாற்று எப்படியிருக்கும் என்பதற்கு, அதே ஆண்டு ஜூலை 14 அன்று பெர்லினில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்கச் சொல்வதே வழி. அடிபட்ட ரோட்ரி இடைவேளையோடு வெளியேற, மார்ட்டின் சுபிமெண்டி இறங்கினார். அவரும் நின்று அடைப்பவர் என்பதால் ஸ்பெயினின் அமைப்பு குலையவில்லை, அணி இங்கிலாந்தை 2-1 என வென்றது. அந்த இரண்டாம் பாதியை, பந்தைப் பார்க்காமல் சுபிமெண்டியை மட்டும் பார்த்தபடி, ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். முதல் 10 நிமிடங்கள் சலிப்பாகத்தான் இருக்கும், பிறகு விட மனம் வராது.

ரோட்ரி 2025 மே 20 அன்று போர்ன்மவுத்துக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார். நின்று ஆடுபவருக்கு முழங்கால் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள், பாதத்தை ஊன்றி உடலைத் திருப்பும் அசைவில்தான் ஏசிஎல் மீது பெரும் இழுவிசை விழுகிறது என்பதையும், பந்தை வாங்கும் முன் அரைவட்டமாகத் திரும்புவதே அவருடைய ஆட்டம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆகவே, காயத்திலிருந்து திரும்பிய நடுக்கள ஆட்டக்காரரைப் பார்ப்பவர்கள் அவர் எவ்வளவு ஓடினார் என்ற கணக்கை விட்டுவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தயக்கமின்மையோடு திரும்புகிறாரா, நெருக்கடி வந்தால் அடிபட்ட காலை ஊன்றுகிறாரா, அல்லது பந்தை வந்த வழியே திருப்பித் தட்டிவிடுகிறாரா என்று பார்க்கலாம்.