பலவீனமான பெட்டியே பாதுகாப்பு!
(ஒரு சிறு பிரசுரத்தின் மதிப்புரை)

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு வீட்டில் சில ராத்தல் துப்பாக்கி மருந்து இருக்கிறது. அதை வைக்க இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்று, கள்வனாலும் எளிதில் உடைக்க முடியாத கனத்த இரும்புப் பெட்டகம். மற்றொன்று, ஓர் அங்குலப் பலகையால் தச்சர் செய்து கொடுத்த சாதாரண மரப்பெட்டி. நீங்கள் எதில் வைப்பீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் இரும்புப் பெட்டகத்தையே காட்டுவோம். அந்த விடை தவறு. அதுவும் உயிரைக் குடிக்கக்கூடிய தவறு.

இப்படிச் சொல்வது, அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய விளையாட்டுத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தமிழர் வாயால் படித்தால் ‘சாமி’ என்று வரும்! சாமியே சொல்லிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடாமல், புகையில்லா வெடிமருந்தின் இயல்புகளையும் சேமிப்பையும் பற்றி அக்கழகம் வெளியிட்டுள்ள பிரசுரத்தைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம். சில பக்கங்களே கொண்டது. ஆயினும் மருந்து விற்கும் நிறுவனங்கள் பல இதைத் தம் வெளியீடுகளில் எடுத்து அச்சிடுகின்றன.

யாருக்காக எழுதப்பட்டது?

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உண்டு. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், பழைய கேப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டைச் செருகிக்கொள்வார்கள். ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் இந்த வேலை நடக்கும். மீண்டும் அந்த மேசையில் உட்கார ஒரு வாரம் ஆகலாம். ஆறு மாதமும் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் மருந்து எங்கே, எப்படி இருக்கவேண்டும் என்பதே பிரசுரத்தின் பொருள்.

“நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிமருந்தை வைத்திருக்கவே கூடாதே, நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?” என்று நீங்கள் கேட்கலாம். எரியும் பொருள்களைப் பற்றிய நம் ‘பொது அறிவு’ எந்த இடத்தில் இடறி விழுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் வேறு கிடைப்பது அரிது. மேலும், உதகை மலை ரயிலில் சென்றவர்கள் வழியில் அருவங்காடு நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். புகையில்லா மருந்து இனத்தைச் சேர்ந்த கார்டைட் என்பதைச் செய்வதற்காகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆலை எழுந்தது. எனவே இது நமக்கு முற்றிலும் அயலான சரக்கன்று.

மூடினால் அணையாத நெருப்பு

எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சிறிது நேரத்தில் சுடர் அணைந்துவிடும். பள்ளியில் நாம் அனைவரும் செய்து பார்த்த சோதனை இது. காற்றிலுள்ள ஆக்சிஜன் போதாமல் போனதே காரணம். இந்த அனுபவம்தான் வெடிமருந்து விஷயத்தில் நம்மை ஏமாற்றுகிறது. இறுக மூடிவிட்டால் தீ அணைந்துவிடும் என்று எண்ணுகிறோம்.

புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சில வகைகளில் அதனுடன் நைட்ரோகிளிசரினும் சேரும். இரண்டிலும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூற்றின் உள்ளேயே பிணைந்திருக்கிறது. வெளிக்காற்றின் தயவு இதற்குத் தேவையில்லை. தேவைப்பட்டிருந்தால் மூடிய துப்பாக்கிக் குழலுக்குள் அது எரியவே முடியாது அல்லவா? பிரசுரம் இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக் கூறுகிறது. இது அதன் முதற் சிறப்பு.

அடுத்த உண்மை இன்னும் முக்கியமானது. இந்த மருந்து திறந்த வெளியில் எரியும்போது சற்று மந்தமாகவே எரிகிறது. செம்மஞ்சள் சுவாலையும், நெடி வீசும் பழுப்புப் புகையும் எழும். உடலைப் பொசுக்கும் வெப்பமும் உண்டு. ஆனால் வெடிப்பதில்லை. அதையே அடைத்து வைத்தால், வெளியேற வழியில்லாத வாயுக்களால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது. வேகம் ஏறினால் வாயு மேலும் பெருகுகிறது. ஒன்றையொன்று தூண்டும் இந்தச் சுழலின் முடிவில், இரும்புப் பெட்டகம் ஒரு பெரிய வெடிகுண்டாகிவிடுகிறது. அது எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு கொடிதாகச் சிதறும்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. நீராவிக் குழாய் அடைத்துக்கொண்டால், பாத்திரம் வெடிக்குமுன் அந்த வால்வு தன்னைப் பலி கொடுத்து நீராவிக்கு வழி விடுகிறது. மருந்துப் பெட்டியும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்கிறது பிரசுரம். வெளி வெப்பம் எளிதில் உள்ளே கடத்தப்படாத பொருளால் அது ஆகியிருக்கவேண்டும். உள்ளே அழுத்தம் எழுந்தால் உடனே விட்டுக்கொடுக்கும் மெலிந்த சுவரோ மூட்டோ அதில் இருக்கவேண்டும். மரம் இரண்டு வேலைக்கும் பொருந்துகிறது. பலகை வெப்பத்தைத் தாமதப்படுத்தும். மூட்டு அழுத்தத்துக்கு வழி விடும்.

அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளும் இந்த அடிப்படையில் அமைந்தவையே. வீட்டில் 20 ராத்தல், அதாவது சுமார் 9 கிலோ வரை, உற்பத்தியாளர் தந்த கலன்களிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 ராத்தல் வரை என்றால், ஓர் அங்குலக் கனமுள்ள பலகைப் பெட்டியோ அலமாரியோ கட்டாயம். ஒரே பெரிய கலனைவிடப் பல சிறு கலன்கள் மேல் என்றும், எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்காதீர்கள் என்றும் பிரசுரம் கூறுவது அந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே வெட்டும் வழியாகும்.

முன்கோபியும் கறுவுபவனும்

வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பழைய கரும்பொடியை ஒரு முன்கோபி எனலாம். ஒரு பொறி பட்டால் போதும், சீறிவிடும். ஆனால் ஈரமில்லாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். 1884-இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் பால் வியேல் கண்ட புகையில்லா மருந்தின் குணம் வேறு. மேலுக்குச் சாது, மனத்துக்குள் வைத்துக் கறுவும்.

நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மிக மெதுவாகச் சிதைந்துகொண்டிருக்கிறது. அப்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. அவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்குகிறது. கூடையில் ஒரு மாம்பழம் அழுகினால் மற்றவையும் விரைவில் அழுகுவதைப் போன்றது இது. வெப்பம் கூடினால் சிதைவும் விரையும். விளையும் சூடு வெளியேறாவிட்டால் மருந்து தானே தீப்பற்றவும் கூடும்.

இதற்குப் பிரெஞ்சுக் கடற்படை பெரும் விலை கொடுத்தது. தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச் 12-இல் ‘இயேனா’ என்ற போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே துறைமுகத்தில் 1911 செப்டம்பர் 25-இல் ‘லிபர்த்தே’ வெடித்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தப் பகைவனும் அக்கப்பல்களைச் சுடவில்லை. கிடங்கிலிருந்த புகையில்லா மருந்தின் சிதைவே காரணம் என்ற கருத்து வலுத்தது. இன்று டைஃபீனைல் அமீன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது உடனுக்குடன் விழுங்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு; அது தீர்ந்த பின் காவல் இல்லை. வெப்பமான பரண்மேல் வைத்த மருந்துக்கு அந்த நாள் விரைவில் வந்துவிடும்.

எங்கே குறைகிறது?

இனிக் குறைகளுக்கு வருவோம். வெயில், அடுப்பு, மின்பொறி, எண்ணெய்கள் ஆகியவற்றிலிருந்து மருந்தை விலக்கி வையுங்கள், பழைய மருந்தை அடிக்கடி முகர்ந்து பாருங்கள், மூக்கைத் துளைக்கும் அமில நெடி வந்தால் வைத்திருக்காதீர்கள் என்று பிரசுரம் சொல்கிறது. அத்தனையும் சரி. ஆனால் ‘ஏன்’ என்பதைப் பெட்டி விஷயத்தில் அவ்வளவு அழகாக விளக்கியவர்கள், முதுமை விஷயத்தில் சிக்கனம் காட்டிவிட்டார்கள். ‘இயேனா’வின் கதையைப் பத்து வரியில் சொல்லியிருந்தால், பழைய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சோம்பும் வாசகன் இருக்கமாட்டான்.

இரண்டாவது குறை, 20 ராத்தல் என்ற எண்ணைப் பற்றியது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அது. அவ்வளவு வைத்திருந்தால் ஆபத்தில்லை என்று பொருளன்று. தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு அழுத்தத்துடன் அச்சிட்டிருக்கவேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய குறை. பிரசுரத்தின் கண் முழுவதும் அலமாரியின் மேல் இருக்கிறது. மேசையை அது போதிய அளவு பார்க்கவில்லை. நிரப்புவோர் மேசையில், மருந்தை அளந்து கொட்டும் கருவியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கும். வேலை பாதியில் நிற்கிறது, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். “நாளைக்கு வந்து முடிப்போம்” என்று குடுவையில் மருந்தை விட்டுப் போகிறார் ஒருவர். அந்த நாளை, அடுத்த மாதமாகிறது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து குடுவையின் பிளாஸ்டிக்கை அரித்து மங்கவைக்கும். ஒளியும் காற்றும் பட்டு மருந்தின் தன்மையும் மாறலாம்.

இவற்றைவிடக் கொடியது, அந்த மருந்து தன் பெயரை இழந்துவிடுவதுதான். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தும், ரைஃபிளுக்கான மந்தமான மருந்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றலாம். ஒன்றின் அளவில் மற்றொன்றைக் கொட்டினால், துப்பாக்கி சுடுபவர் முகத்தருகே வெடிக்கக்கூடும். ஆகையால், ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரு மருந்துக் கலன் மட்டுமே இருக்கலாம். எழுந்திருக்குமுன், பெயர் ஒட்டிய அசல் கலனிலேயே மீதியைக் கொட்டி மூடிவிடவேண்டும். எது எதுவென்ற ஐயம் வந்துவிட்டால், ஊகம் செய்யாமல் கழித்துவிடவேண்டும். நல்ல கையேடுகள் இதை வற்புறுத்துகின்றன. சேமிப்புக்கென்றே எழுந்த ஒரு பிரசுரத்தில் இதுவே முதல் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டி மெலிந்ததாக இருக்கவேண்டும். ஆனால் குழந்தையின் கை அதில் படக்கூடாது. இந்த முரணையும் விரித்துப் பேசியிருக்கலாம். கதவுக்குப் பூட்டு, பின்பலகைக்கு மென்மை என்பதே அதன் தீர்வு. பூட்டு மனிதரைத் தடுப்பதற்கு. மெலிந்த பலகை அழுத்தத்தை விடுவிப்பதற்கு.

இக்குறைகள் இருந்தும், பிரசுரத்தைப் பாராட்டவே தோன்றுகிறது. “இப்படிச் செய்” என்று மட்டும் கட்டளையிடும் விதிகள் நாளடைவில் மறக்கப்படும்; அவற்றின் இடத்தில் நம் சொந்த ஊகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். காரணம் தெரிந்தவர் மட்டுமே விதியைக் காப்பாற்றுவார். இரும்புப் பெட்டகத்தை ஏன் தவிர்க்கவேண்டும் என்று புரிந்துகொண்ட ஒருவரிடம் ஓர் அங்குலப் பலகையைப் பற்றி இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குக்கரின் பாதுகாப்பு வால்வைக் கழுவும்போது, அதைச் சற்று மரியாதையோடு பாருங்கள். அது விட்டுக்கொடுப்பதால்தான் சமையலறை நிற்கிறது.