மணிமேகலை எங்கே, நம் கடல் எங்கே

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்குப் 'பொன்னியின் செல்வன்' படத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். திருக்கோவலூர் மலையமான். ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிவர்மனுக்கும் தாயைப் பெற்ற தாத்தா. கல்கியின் நாவலில் மாமல்லபுரத்தில் பேரனோடு பேசும் அந்த வயோதிகர் நம் மனதில் தங்கிவிடுவார். மணிரத்னத்தின் படத்தில் நடிகர் லாலின் முகத்தோடு வருகிறார், கொஞ்சம் பேசுகிறார், கூட்டத்தில் கலந்துவிடுகிறார். 2022 செப்டம்பர் 30இல் முதல் பாகம் வந்தபோதும் 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வந்தபோதும், எங்கள் ஊர்ப் பெரியவரை இப்படிக் குறுக்கிவிட்டார்களே என்று இங்கே யாரும் சண்டைக்குப் போனதாக நான் கேட்கவில்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த கேள்வி வேறு: "மணிமேகலை எங்கப்பா போனா?"

கதாநாயகன் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறன். அவன் தங்கை மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலைப் படித்தவர்களுக்கு அது முதல் மனக்குறை. இரண்டாவது, சேந்தன் அமுதன். பூக்குடலையோடு கோயிலுக்குப் போகும் அந்தச் சாதுவான பையன்தான் கண்டராதித்தரின் உண்மையான மகன், அவன்தான் உத்தம சோழன் என்று கல்கி அவிழ்க்கும் முடிச்சு, ஐந்து பாகம் பொறுமையாகப் படித்தவனுக்குக் கிடைக்கும் கூலி. படத்தில் அந்த முடிச்சே போடப்படவில்லை. கண்டராதித்தரின் மகனாக வளர்ந்த மதுராந்தகனே, ரகுமான் நடித்தவர், முடிசூடிக்கொள்கிறார். மூன்றாவது, கரிகாலனைக் கொன்றது யார் என்ற புதிர். கல்கி அதைக் கடைசிவரை முழுதாகத் திறந்து காட்டவில்லை. படமோ, அவன் தானே சாவைத் தேடிக்கொள்வதுபோல் காட்டி முடித்துக்கொண்டது.

இந்த மூன்று குறையையும் கவனித்தால் ஒன்று தெரியும். மூன்றும் ஆட்களைப் பற்றியவை. தமிழ்நாட்டு வாசகன் இந்த நாவலில் ஆட்களோடு குடியிருந்தவன். 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் 'கல்கி' பத்திரிகையில் வந்த தொடர் அது. மணியத்தின் ஓவியங்களோடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். பின்னால் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும், மலிவுப் பதிப்புகள் புத்தகக் கண்காட்சிகளில் அடுக்கடுக்காக வந்து இறங்கின. தாத்தாவின் பைண்டு வால்யூமும் பேரனின் மலிவுப் பதிப்பும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் வந்தியத்தேவனுக்கு ஏற்கெனவே ஒரு முகம் உண்டு. கார்த்தி அந்த முகத்தோடு போட்டி போட வேண்டியிருந்தது. அவர் தப்பித்தார் என்றே சொல்வேன், அந்தக் குறும்பு அவருக்கு இயல்பாக வந்தது.

வாசகர்கள் குறை சொல்வது ஒன்றும் புதிதல்ல. தொடர் முடிந்தவுடனேயே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டுக் கல்கியையே துளைத்தெடுத்தார்கள். அதற்குப் பதிலாக அவர் முடிவுரை எழுத வேண்டிவந்தது. அசல் ஆசிரியருக்கே அந்தக் கதி என்றால் மணிரத்னம் எம்மாத்திரம்! வெளியிலும் இதே கதைதான். 2001இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை விட்டுவிட்டதற்காக டோல்கீன் வாசகர்கள் இன்றும் புலம்புகிறார்கள். மணிமேகலை நம்முடைய டாம் பாம்படில். 'பொன்னியின் செல்வன்' சரித்திர நாவல் என்று அட்டையில் போட்டுக்கொண்டாலும் நந்தினி, ஊமை ராணி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி எல்லாம் கல்கியின் கற்பனைப் பிறவிகள்தான். நாம் காதலித்ததும் பெரும்பாலும் அவர்களைத்தான்.

இனி கடலைத் தாண்டுவோம்.

இலங்கைத் தமிழ் வாசகர்களும் இதே நாவலைத்தான் படித்தார்கள். 1970களில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது பழைய பைண்டு வால்யூம்களுக்கு அங்கே மதிப்புக் கூடியது. ஆனால் அவர்கள் படித்த விதம் வேறு. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' அவர்களுக்குத் தூர தேசத்துக் கதை அல்ல. மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம், ஆனையிறவு, தொண்டைமானாறு என்று வந்தியத்தேவனும் அருள்மொழியும் சுற்றும் இடங்களெல்லாம் அவர்கள் பஸ்ஸில் போய்வந்த இடங்கள். ஆனையிறவை அவர்கள் போர்க்களமாகவும் பார்த்தவர்கள். வடமராட்சிக்காரர் ஒருவருக்குத் தொண்டைமானாறு என்பது செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகும் வழி. நமக்கு வீராணம் ஏரி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

படத்தின் இலங்கைக் காட்சிகள் பெரும்பாலும் தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை. யானையும் பச்சைக் காடும் நீலக் கடலும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். எங்கள் பக்கத்து ரசிகர்கள் அதில் ஒரு குறையும் காணவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மட்டும் தொலைபேசியில் சொன்னார்: "கடலைக் காட்டினவை, சரி. எங்கட கடலைக் காட்டேல்லை." அவரும் மணிமேகலையைத் தேடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெட்ரோலுக்கு கியூஆர் கோடு காட்டி வாரக் கணக்கில் அளந்து வாங்கிய 2022ஆம் ஆண்டில் அந்த மக்கள் தியேட்டருக்குப் போனார்கள். போனது தங்கள் கரையைத் திரையில் பார்க்க.

இதில் இன்னொரு வேடிக்கை. படத்தைத் தயாரித்த லைகா நிறுவனத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். முல்லைத்தீவுக்காரர் காசு போட்டும் இலங்கைக் கரை தாய்லாந்திலிருந்துதான் வந்தது.

மண்ணைப் பற்றிய குறைக்கு அடியில் இன்னும் கனமான ஒன்று கிடக்கிறது. கள்ளக்குறிச்சியில் புலிக்கொடி ஏறினால் விசில் அடிக்கிறோம், அதோடு முடிந்தது. இலங்கையில் அந்தப் புலிக்கு ஒரே அர்த்தம் கிடையாது. சோழரின் புலியைத் தங்கள் சின்னத்தில் வைத்துக்கொண்ட இயக்கம் ஒன்று அங்கே 2009 வரை போர் நடத்தியது. தியேட்டரில் பக்கத்து சீட்டில் சிங்களத்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் பள்ளியில் படித்த சோழன் வேறு ஆள். சிங்கள அரச வரலாற்றைப் பாலியில் சொல்லும் சூளவம்சம், சோழப்படை விகாரைகளைக் கொள்ளையடித்ததையும் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக் கொண்டுபோனதையும் பதிந்து வைத்திருக்கிறது. கல்கியின் அருள்மொழியோ இடிந்த விகாரைகளைப் பழுதுபார்க்கிறான். அதில் மனம் உருகி புத்த பிக்குகள் அவனுக்குச் சிங்காதனத்தையே தரவருகிறார்கள், அவன் வேண்டாம் என்கிறான். அழகான அத்தியாயம்தான். 993 வாக்கில் அதே அருள்மொழி, ராஜராஜனாகி அனுப்பிய படை அநுராதபுரத்தை என்ன செய்தது என்பது நாவலில் வராது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்கு அவன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் உண்மைதான், அதனால் கல்கி ஒரேயடியாகப் பொய் சொன்னார் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் அந்த அத்தியாயத்தைப் பெருமையோடு படிக்கிறோம். இலங்கைத் தமிழர் அதைப் படிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் இதை எப்படிப் படிப்பார் என்ற நினைப்பும் கூடவே வரும். அந்த நினைப்பு நமக்கு வர வேண்டிய அவசியமே ஏற்பட்டதில்லை.

நாவலுக்கு அப்படியே விசுவாசமாக இரு என்று படத்தை அதட்டும் எங்கள் ரசிகர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இந்த மாவட்டத்தில் கதையை மாற்றுவது குற்றமாக எப்போது ஆனது? உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. கூத்தாண்டவர் என்பவர் மகாபாரதத்தின் இராவான்தான். வியாசரின் இராவான் போர்க்களத்தில் எட்டாம் நாள் அலம்புசன் கையில் சாகிறவன். நம் வில்லிபாரதத்தில் அவன் போருக்கு முன்பே களப்பலி. கூவாகத்தில் அதற்கும் மேலே போய், சாவதற்கு முன்னிரவு மோகினியாக வந்த கண்ணனை மணந்தவன். அந்த ஒரு மாற்றத்தை நம்பித்தான் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். மூலத்தில் இல்லையே என்று கல்லெறிந்தவர் யார்? கல்வராயன் மலைக்குப் போனால், மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது கல்வராயனில் ஒன்று, பச்சைமலையில் ஒன்று, கொல்லிமலையில் ஒன்று. ஒருவர் கதையை இன்னொருவர் திருத்தப் புறப்பட்டதில்லை.

இலங்கையில் கூத்தில் இப்படிப்பட்ட மாற்றத்தைத் துணிந்து செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பின் விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேர மேடை நாடகமாகச் சுருக்கினார். 'கர்ணன் போர்', 'வாலிவதை' எல்லாம் அப்படி வந்தவை. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' இராவணனையே துன்பியல் நாயகனாக்கியது. வித்தியானந்தன் கூத்தைச் சிதைத்துவிட்டார் என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தச் சண்டை வழியாகத்தான் அங்கே கூத்துக்கு ஒரு புதுப் பார்வையாளர் கூட்டம் கிடைத்தது. வெட்டிச் சுருக்கும்போது எது போகிறது, எது நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் அங்கே அப்படி வளர்ந்தது.

நம் ஊரில் கூத்துக்குத் தரும் சலுகையை நாவலுக்குத் தர மறுக்கிறோம். காரணம், கூத்தை ஊரோடு உட்கார்ந்து பார்த்தோம், நாவலைத் தனியாக, திண்ணையிலும் ஜன்னலோரத்திலும் படித்தோம். தனியாகப் படித்தது சொந்தச் சொத்தாகிவிடுகிறது. அதனால்தான் 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு சென்னையில் இதை நாடகமாகப் போட்டபோது நூறு குறுக்கலைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள், அதே நாடகத்தை எழுதிய குமரவேல் ஜெயமோகனோடும் மணிரத்னத்தோடும் சேர்ந்து படத்துக்குத் திரைக்கதை எழுதியபோது ஒவ்வொரு வெட்டையும் எண்ணினார்கள்.

படம் விட்டுவிட்ட இன்னொன்றுக்கு எங்கள் மாவட்டத்திலேயே கல் சாட்சி இருக்கிறது. திருக்கோவலூர் கீழையூரில், தென்பெண்ணையின் கரையில் வீரட்டானேசுவரர் கோயில். அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. ஆற்றுக்குள் தெரியும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். அந்தக் கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கிய கபிலரையும் சொல்கிறது, மலையமான் குலத்தில் பிறந்து சுந்தர சோழனை மணந்து, அவன் இறந்ததும் பால் குடிக்கும் மகவை விட்டுவிட்டுத் தீயில் புகுந்த வானவன் மாதேவியையும் சொல்கிறது. ராஜராஜனைப் பெற்றவள் அவள். திரையில் இந்தத் தீயைப் பார்க்க முடியாது. மணிமேகலை இல்லை என்று கோபித்த எங்கள் ரசிகர்களில் எத்தனை பேர் இந்தச் சுவரைப் போய்ப் பார்த்திருப்பார்கள்? பஸ் ஏறினால் போய்விடலாம்.

கடலுக்கு அப்பால் பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்லியல் துறை எண் போட்ட ஒரு கோயில் இருக்கிறது. அடியிலிருந்து விமானம் வரை முழுக்கக் கல்லால் எழுந்த சோழக் கோயில். அதன் பழைய பெயர் வானவன் மாதேவி ஈசுவரம். அந்தப் பெயர் ராஜேந்திரனின் தாயுடையது என்பார்கள் அறிஞர்கள், பாட்டிக்கும் அதே பட்டம்தான். பொலன்னறுவையைச் சோழர்கள் தலைநகராக்கி சனநாதமங்கலம் என்று அழைத்த காலத்தின் மிச்சம் அது. அங்குள்ள தமிழருக்கு அது வழிபாட்டு நினைவு, சிங்களவருக்குப் படையெடுப்பின் சுவடு, சுற்றுலாப் பயணிக்கு நல்ல போட்டோ.

என் தீர்ப்பு இதுதான். இரண்டு கரை ரசிகர்களின் குறைகளில் இலங்கைக்காரர்களின் குறைதான் கனமானது. மணிமேகலை இல்லாமலும் படம் நின்றது. இலங்கை இல்லாமல் 'சுழற்காற்று' நிற்காது, அதை வேறு நாட்டுக் கடற்கரையால் நிரப்பியதில் படம் இழந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாவலை மறுபடி எடுக்கிறவர்கள் இரண்டாம் பாகத்தை மட்டும் இலங்கை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். தொண்டைமானாற்றுப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால், படம் எப்படி இருந்தது என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.