மேற்கு வாசலுக்குப் பிறகு

சிலப்பதிகாரம் நடத்தும் வகுப்புகளில் கண்ணகி பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறாள். புகாரில் மாதவியிடமிருந்து திரும்பிய கணவனின் முன், மதுரையில் அரசனின் முன், கடைசியில் வேங்கை மரத்தின் கீழ். சென்னை மெரினாவில் 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் வைக்கப்பட்ட சிலையும் கையில் சிலம்போடு நீதி கேட்டு நிற்கும் கண்ணகிதான். ஆனால் காப்பியத்தைக் கையில் எடுத்து அவள் எவ்வளவு தூரம் நடந்தாள் என்று மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். காவிரி கடலில் கலக்கும் ஊரில் தொடங்கி, சோழநாட்டு வயல்களைக் கடந்து, மதுரைக்கு வந்து, வைகைக்கரையோடு மேற்கே போய், சேரநாட்டு மலை மீது ஏறி முடிகிறது அந்த நடை. தமிழில் ஒரு பெண் இவ்வளவு நிலத்தைக் கால்நடையாகக் கடந்த கதை வேறு எது?

இந்த நடைக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி கணவனோடும் கவுந்தி அடிகளோடும் நடந்தது. இரண்டாம் பாதி தனியாக நடந்தது. முதல் பாதிக்கு இளங்கோ நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை என்று நான்கு காதைகளைத் தருகிறார். இரண்டாம் பாதிக்குக் கட்டுரை காதையின் இறுதியில் சில அடிகள்தான். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதல் பாதியில் பாதை ஒவ்வொரு அடியாகத் தெரிகிறது. சோலைவழி போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், வயல்வழி போனால் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபடும் என்று கவுந்தி எச்சரிக்கிறாள். உறையூரைத் தாண்டியதும் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லும் வழி எங்கள் மாவட்டத்துக்குள் வருகிறது. கொடும்பை என்ற ஊரின் பெரிய குளத்தை அடைந்ததும் பாதை சிவனின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்குத் தெற்கே, திருச்சி – மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கொடும்பாளூர்தான் அது. பிற்காலத்தில் இருக்குவேளிர் ஆண்ட ஊர். பத்தாம் நூற்றாண்டின் மூவர் கோயிலுக்காக இன்று அறியப்படும் ஊர். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம், நடுவழி காட்டுத் தெய்வம் மயக்கும் வழி என்று மறையோன் விளக்குகிறான். அவர்கள் நடுவழியில் போகிறார்கள். தெய்வம் மயக்க வருவது கோவலனை. மந்திரம் சொல்லித் தப்பிப்பவனும் அவனே. பாதையைப் பற்றிய அறிவு, பாதையின் ஆபத்து, அதிலிருந்து மீளும் சாமர்த்தியம் எல்லாம் மற்றவர்களுக்கு உரியவை. கண்ணகிக்கு உரியது கால்வலி. புகாரிலிருந்து ஒரு காதம் போவதற்குள் கால் நொந்து, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அது முப்பது காதம் என்பதைக் கோவலன் சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்கிறான்.

மாணவிகளோடு நான் அதிக நேரம் செலவிடும் இடம் புறஞ்சேரி இறுத்த காதை. வெயிலில் கண்ணகியின் பாதம் தாங்காது, ஆகவே இரவில் நடக்கலாம் என்கிறான் கோவலன். பயமில்லையா? இல்லை. பாண்டியனின் செங்கோல் நடக்கும் நாட்டில் கரடி புற்றைத் தோண்டாது, புலி மானோடு பகை கொள்ளாது, பாம்பும் முதலையும் இடியும்கூட வழிப்போக்கருக்குத் தீங்கு செய்யாது என்பது அவன் தரும் காரணம். ஒரு பெண் இரவில் நடமாட வேண்டுமானால் அதற்கு ஓர் அரசனின் உத்தரவாதம் வேண்டும். கூடவே ஒரு கணவனும் ஒரு துறவியும் வேண்டும்.

அந்தச் செங்கோல் சில நாட்களில் வளைந்துவிடுகிறது. கணவன் வெட்டுண்டு இறக்கிறான். துறவி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறாள். உத்தரவாதம் தந்த மூன்று பேரும் இல்லாத நாட்டில், கிழக்கு வாசலில் கணவனோடு வந்தவள் மேற்கு வாசலில் தனியாக வெளியேறுகிறாள். கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு, இரவென்றும் பகலென்றும் அறியாமல், மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் வைகைக்கரையோடு நடக்கிறாள். கரடியும் புலியும் இப்போது என்ன செய்கின்றன? காப்பியம் சொல்லவில்லை. மதுராபதித் தெய்வம் குறித்துக் கொடுத்த 14 நாட்கள் முடியும்போது அவள் நெடுவேள் குன்றத்தில் வேங்கை மர நிழலில் நிற்கிறாள். ஒரு காதத்தில் நொந்த கால், காட்டையும் மலையையும் தனியாகக் கடந்திருக்கிறது. அந்தக் கால்களைப் பற்றிக் கவிஞருக்கு இப்போது கவலை இல்லை.

பேரவலத்தின் முன் கவிஞர் காட்டும் அடக்கம் இது, துயரத்தின் ஆழத்தை மௌனத்தால் காட்டுகிறார் என்று சொல்வார்கள். அந்த வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் மதுரைத் தெருக்களில் கண்ணகி அரற்றும்போதும், ஊரை எரிக்கும்போதும் அதே கவிஞர் அடங்கவில்லையே. துயரத்தைப் பாட அவருக்குச் சொற்கள் இருந்தன. தனியாகப் பாதையில் போகும் பெண்ணைப் பாடத்தான் மரபில் சொல் இல்லை. அகத்திணையில் பிரிந்து போவது தலைவனின் செயல். இருப்பது தலைவியின் ஒழுக்கம். அவள் வீட்டைவிட்டுப் போனால் அது உடன்போக்கு. அந்தச் சொல்லிலேயே ‘உடன்’ இருக்கிறது. அவளைத் தேடிப் பாலைநிலத்தில் போகும் செவிலி உண்டு. ஆனால் அவள் போவதும் மகளைக் கேட்டுத்தான். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. வெள்ளிவீதியார் காதலனைத் தேடி அலைந்தார் என்ற செய்தியை நமக்குத் தருவது அகநானூற்றின் 147ஆம் பாட்டு, பாடியவர் ஔவையார். வெள்ளிவீதியைப் போல நானும் புறப்படுவேன் என்கிறது அந்தக் குரல். பயணம் போன ஒரு பெண் கவிஞரை இன்னொரு பெண் கவிஞர் முன்னோடியாக எடுத்துக்கொள்கிறார். இந்த ஒரு பாட்டை வைத்து ஒரு மரபே எழுந்திருக்கலாம். எழவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மலை நம் கண்ணுக்குத் தெரிவது குன்றக்குரவையில், குறத்தியர் பாடத் தொடங்கும்போதுதான். அருவியும் வேங்கையும் தினைப்புனமும் அவர்களின் குரலில் வருகின்றன. நீ யார் என்று அவளிடம் கேட்பவர்களும் குன்றத்து மக்களே. அவளும் பதில் சொல்கிறாள். 14 நாட்களில் மனிதர்களோடு அவள் பேசியதாகக் காப்பியம் காட்டும் ஒரே பேச்சு அது. பிறகு விண்ணிலிருந்து வந்தவர்கள் அவளைக் கொண்டுபோகிறார்கள், மலைமக்கள் தெய்வமாக்குகிறார்கள், செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். தனியாக வந்த பெண்ணை நம் மரபு மனுஷியாக வைத்திருக்காது. கண்ணகி தெய்வமானாள். காரைக்கால் அம்மையார் பேயுருக் கேட்டு வாங்கிய பிறகே தனியாகக் கயிலைக்குப் போக முடிந்தது. தெய்வம், பேய், துறவி என்ற மூன்று வேடங்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதை திறக்கும்.

நெடுவேள் குன்றம் எது என்பதில் உரைகாரர் காலத்திலிருந்தே சர்ச்சை உண்டு. திருச்செங்கோடு என்றும் சொன்னார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது தமிழக – கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டை ஒட்டி, சிதைந்து நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை. 1963இல் அதை அடையாளம் காட்டிய பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகியின் வழியைத் தேடிப் போனவர். அங்கே சித்ரா பௌர்ணமி அன்று மட்டும், பகலில் மட்டும் அனுமதி உண்டு. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். நம் பக்கம் பளியன்குடியிலிருந்து மலையேறலாம்.

ஒரு சித்திரையில் நான் தனியாகக் காரோட்டிப் போனேன். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, கொடும்பாளூர், மதுரை, பிறகு ஆண்டிபட்டி தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக இருக்கும் அந்தப் பச்சை, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை மலைக்கு அப்பாலிருந்து திருப்பிவிட்ட தண்ணீரால் வந்தது. கண்ணகி பார்த்திருக்கக்கூடிய பள்ளத்தாக்கு வேறு. தங்கப் போன விடுதியில் பதிவேட்டைத் தள்ளிய பையன், “கூட யாரு மேடம் வர்றாங்க?” என்றான். யாருமில்லை என்றதும் உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவந்து, “கோயிலுக்குத்தானே?” என்றான். ஆமாம் என்றதும் சாவி கிடைத்தது. தெய்வத்தின் பெயரால்தான் அன்றும் கதவு திறந்தது.

மறுநாள் மலையில் கூட்டம். கிழவிகளும், கைக்குழந்தைக்காரிகளும், செருப்பில்லாத இளம்பெண்களும் மூச்சு வாங்க ஏறினார்கள். காட்டுக்குள் ஏறி, வேர்களில் வழுக்கி, புல்மேட்டில் வெளிவருகிறது அந்தப் பாதை. மேலே பெண்களுக்கு வளையலும் மங்கல நாணும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். வளையலை உடைத்துவிட்டு வந்தவளின் கோயிலில் வளையல்! இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வருடத்தில் ஒரு நாள் வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு உயரம் ஏறி, அந்த உயரத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க அந்தப் பெண்களுக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அந்த வளையல். ஆனால் அனுமதிச்சீட்டு எதற்கு என்ற கேள்வியை விமர்சனம் கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டம் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்களின் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கவோ, கொண்டுபோய் விட ஓர் ஆணைத் தேடவோ தேவை குறைந்தது. இவர்களில் யாரும் தெய்வமாகவில்லை, பேயுமாகவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் போய்விட்டு வீடு திரும்பினார்கள்.

காப்பியத்தின் மௌனத்துக்கு எதிரே நான் வைக்கும் பிரதி இதுதான். ஔவையாரின் பாட்டைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது அவசியம். அதோடு இந்தப் பெண்களின் பயணங்களையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அன்று இருபது வயதில் ஓட்டப் பழகியவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதல்முறை தனியாக எந்த ஊர்வரை போனார்கள், வழியில் யார் மறித்தார்கள், எந்த மேட்டில் இறங்கித் தள்ளினார்கள் என்பதை அவர்கள் சொல்லக் கேட்கலாம். கேட்கப் போக வேண்டியவர்கள் மாணவிகள். ஆனால் களப்பணிக்குத் தனியாக வெளியூர் போக ஒரு மாணவிக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். விடுதி வாசல் ஆறு மணிக்கு மூடும். அதே வகுப்பு மாணவனுக்கு இரண்டும் இல்லை. பாதுகாப்பு என்கிறார்கள். செங்கோல் உள்ள நாட்டில் புலி மானைத் தொடாது என்ற கோவலனின் பேச்சின் மறுபக்கம் இது: பாதையைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பு அரசுடையது, அது தவறினால் தண்டனை பெண்ணின் கால்களுக்கு.

கண்ணகி அந்த உத்தரவாதம் பொய்த்த பிறகு நடந்தாள். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அடுத்த முறை கட்டுரை காதையை நடத்தும்போது, எரியும் மதுரையோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். மேற்கு வாசலுக்குப் பிறகான 14 நாட்களையும் வாசியுங்கள். எங்கே தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், எந்தத் துறையில் வைகையைக் கடந்தாள், வழியில் எந்தப் பெண் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று மாணவிகளை எழுதச் சொல்லுங்கள். அதை எழுத அவர்களுக்கு முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும். வழி தெரிய, அவர்கள் போய்வர வேண்டும்.