திணைப்பட்டியலும் ராகிக் கொல்லையும்

'திணையே சூழலியல்' என்று மார்தட்டுகிற நம் ஆய்வாளர்கள் கருப்பொருளைப் பட்டியலாகவே வாசிக்கிறார்கள்: விலங்கு, மரம், பறை, தொழில். எது எதைத் தின்கிறது, எங்கே நீர் குடிக்கிறது என்கிற உறவு அதில் விடுபட்டுப்போகிறது.

ஓசூரைப் பாருங்கள். ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி காடுகள் வழியாக யானைகள் வருகின்றன. பத்திரிகைகளுக்கு அது 'அட்டகாசம்'. வழியில் முளைத்த குவாரிக்கும் லே-அவுட்டுக்கும் அந்தச் சொல் கிடையாது. நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூர்க் கழிவைச் சுமந்துவந்து கெலவரப்பள்ளி அணையில் நுரைக்கிறது. அந்த நுரையும் சிப்காட் கூலியும் இன்றைய கருப்பொருள்கள்தாம்.

அன்று தினைப்புனப் பரணில் தலைவி. இன்று ராகிக் கொல்லையில் சிறு விவசாயி. நிலம் வித்த லாபம் யாருக்கு, ராத்திரி முழிப்பு யாருக்கு? திணை வாசிப்பு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.