இன்னியம்: அணிவகுப்பும் அரங்கும்

ஒரு சமூகம் தன் விருந்தினரை எவ்வோசை கொண்டு எதிர்கொள்கின்றது என்பது அற்பமான வினாவன்று. ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளிலே நெடுங்காலமாக அவ்வோசை பாண்ட் வாத்தியத்தின் ஓசையாகவே இருந்து வந்துள்ளது. குடியேற்ற ஆட்சியின் படை அணிவகுப்பிலிருந்து பாடசாலை முற்றத்துக்கு வந்த அம்மரபு, சீருடை, தொப்பி, இராணுவ நடை ஆகியவற்றோடு விளையாட்டுப் போட்டியிலும் பரிசளிப்பு விழாவிலும் நிலைகொண்டது. இதற்கு மாற்றாக, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையில், பேராசிரியர் சி. மௌனகுருவின் முன்முயற்சியால் 1990களின் பிற்பகுதியில் உருப்பெற்றதே இன்னியம். பறை, மத்தளம், உடுக்கு, தவில், சங்கு, எக்காளம், சேமக்கலம், சொர்ணாளி முதலியன இதன் கருவிகள். கூத்துடையைத் தழுவியது இதன் உடை. கூத்தின் ஆட்ட அடிகளைத் தழுவியது இதன் நடை.

பெயரும் பொருத்தமானதே. சங்க நூல்களில் இயம் என்பது வாத்தியத்தைக் குறிக்கும். பல வாத்தியங்கள் கூடி ஒலிப்பது பல்லியம். நெடும்பல்லியத்தனார் என ஒரு புலவருக்கே அது பெயராயிற்று. கருவிகள் கூடி இசைக்கும் வழக்கம் தமிழருக்கு மேனாட்டார் கற்பித்ததன்று என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

எனினும் இன்னியத்தைப் போற்றி எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். பாண்டின் கருவிகளையும் உடையையும் நடையையும் அது நீக்கிற்று; பாண்டின் தொழிலையோ அப்படியே ஏற்றுக்கொண்டது. விருந்தினருக்கு முன்னே செல்லுதல், ஊர்வலத்தை நடத்துதல், மண்டப வாயிலில் ஓய்ந்துவிடுதல் என்பனவே அத்தொழில். மேடை முயற்சிகள் இடையிடையே நிகழ்ந்தபோதிலும், இன்னியம் என்றதும் பொதுமக்கள் மனத்தில் எழுவது வரவேற்பு அணியே. உள்ளே விழா தொடங்கும்போது இன்னியத்தின் வேலை முடிந்துவிடுகின்றது.

அணிவகுப்பிலிருந்து அரங்குக்குச் செல்லும் வழியை ஐரோப்பியக் காற்றுவாத்தியக் குழுக்களும் கடந்து வந்துள்ளன. நெதர்லாந்தின் சிற்றூர்களிலே ஊரவர் சேர்ந்து நடத்தும் ஊதுகருவிக் குழுக்கள் பல உண்டு. அந்நாட்டவரான யொஹான் டி மெய், ரொல்கினின் ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் மாயக்கதையைத் தழுவித் தமது முதலாவது சிம்பனியை இயற்றினார். 1988இல் பிறசல்சிலே அது அரங்கேறிற்று. வயலின் முதலிய வில்லிசைக் கருவிகளின் கூட்டத்தை நாடாது, ஊதுகருவிகளையும் தாளக்கருவிகளையும் நம்பி எழுதப்பட்ட ஐந்து பகுதிகள் கொண்ட ஆக்கம் அது. மந்திரவாதி கண்டால்வுக்கு ஒரு பகுதி. கொல்லம் என்னும் இழிந்த, இரங்கத்தக்க பிறவிக்கு ஒரு பகுதி. கொல்லத்தின் நெளிவும் தந்திரமும் சொப்ரானோ சக்சபோனின் தனிக்குரலிலே வெளிப்படுகின்றன. அணிநடைக்கு உரியவை எனக் கருதப்பட்ட கருவிகளே அங்கு பாத்திரங்களாகி விடுகின்றன. பின்னர் 2001 முதல் வெளிவந்த அதே கதையின் திரைப்படங்களுக்கு ஹவார்ட் ஷோர் இசையமைத்தபோது, ரொல்கின் புனைந்த மொழிகளிலேயே பாடகர் குழு பாடிற்று. எவ்வூரிலும் பேசப்படாத மொழியைப் பலர் ஒருங்கே பாடக் கேட்கையில் அவ்வுலகு உண்மையெனத் தோன்றுகின்றது. குழுப்பாடலின் வலிமை அத்தகையது.

மாயவுலகைத் தேடி மட்டக்களப்பார் அயலே செல்ல வேண்டியதில்லை. இரவு முழுதும் வட்டக்களரியில் அரக்கரும் தேவரும் வேந்தரும் உலாவும் மரபு அவர்களுடையது. வடமோடியில் ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது அதன் இயல்புக்கேற்ற வரவுத் தாளக்கட்டு ஒலிக்கின்றது. அரசனுக்குரியது தூதனுக்கு ஆகாது. பெண் பாத்திரத்துக்குரியது அரக்கனுக்குப் பொருந்தாது. அண்ணாவியாரின் மத்தளம் பேசத் தொடங்கியதுமே, வருபவர் யாவரென்பதைப் பழகிய செவி ஊகித்துவிடும். டி மெய் சக்சபோனைக் கொண்டு செய்ததை மத்தளமும் சல்லரியும் தமக்கேயுரிய முறையில் முன்னரே செய்து வந்துள்ளன. ஆட்டக்காரர் பாடிய அடியை வாங்கிப் பாடும் பக்கப்பாட்டுக்காரரோ களரியின் பாடகர் குழுவாவர். ஒருவன் துயரை ஊரே திரும்பச் சொல்வது போன்ற உணர்வை அவர்கள் எழுப்புகின்றனர். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்ததும், பின்னாளில் மௌனகுருவால் கிழக்கிலே மீள மேடையேற்றப்பட்டதுமான ‘இராவணேசன்’ இவ்வளங்களைப் புதிய அரங்குக்குக் கொணர்ந்தது. ஆயினும் அங்கு இசை நாடகத்துக்குத் துணை. இசையே கதையாகி, கேட்போர் கண்ணை மூடிக்கொண்டும் இராவணனைக் காணும் நிலை வேறு.

இத்தகைய ஆக்கம் சிம்பனியின் போலியாக முடியாதா என ஒருவர் வினவலாம். அச்சம் நியாயமானதே. இளையராஜா 2005இல் வெளியிட்ட ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் சிம்பனிக் குழுவைக் கொண்டு பெரியதொரு சாதனையை நிகழ்த்திற்று; ஆனால் அங்கு தமிழ் பெரிதும் பாடலிலே நின்றது, கூட்டொலியின் கட்டுமானம் மேனாட்டாருடையது. இன்னியம் அவ்வழியைப் பின்பற்ற வேண்டுமென்பதில்லை. பறையும் மத்தளமும் முதன்மை பெறும் குழுவுக்குச் சுருதியடுக்கு இயல்பானதன்று. தாளத்தின் மேல் தாளத்தை அடுக்குவதே இயல்பு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நிற்க, ஈற்றில் ஆமந்திரிகை கூடுகின்றது. ஒவ்வொரு கருவியும் முன்னதைக் கேட்டு இணையும் இவ்வொழுங்கு, ஓர் இசையாக்கத்தின் வரைபடமாகவே கொள்ளத்தக்கது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலுக்கு அக்காதையையே தொடக்கமாகக் கொண்டார். அவ்வாராய்ச்சியைப் போற்றும் பல்கலைக்கழகத்தினர் அதனை ஒலியாக்கிப் பார்க்கத் தயங்குவதற்குக் காரணம் புலப்படவில்லை.

இனி, விழா மேடைகளில் பேசப்படாத ஒரு விடயம். மட்டக்களப்பிலே பறை என்பது சாதியோடு பிணிக்கப்பட்ட கருவி. சாவீட்டிலும் கோயிலிலும் அதனை முழக்கும் கடமை ஒரு சமூகத்தார் மீது சுமத்தப்பட்டிருந்தது. இப்பிரதேசப் பறைமேளக்காரர் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்நிலையை விரிவாகக் காட்டுகின்றது. இழிவு ஒட்டிய தொழிலென அச்சமூகத்து இளைஞர் பறையைத் தொட மறுப்பதிலே வியப்பில்லை. எல்லாச் சாதி மாணவரும் பறையைத் தோளிலே தாங்கி நடக்கச் செய்தமை இன்னியத்தின் மிகப் பெரிய பேறு. பட்டமளிப்புக்கு வரும் பெரியோருக்கு முன்னே அக்கருவி செல்கையில் பழைய கணக்கொன்று சற்றேனும் தீர்கின்றது. கருவி வாயிலைக் கடந்த பின்னரும் அதனைத் தலைமுறைகளாகக் காத்தவன் வெளியே நிற்கின்றானா என்ற வினாவோ தீரவில்லை. சீலாமுனையிற் கலாநிதி சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், ஆய்வாளரும் கலைஞரும் ஒரே களரியில் நிற்க முடியுமெனக் காட்டிற்று. இன்னியத்திலும் அது நிகழ வேண்டும்.

அரங்குக்குரிய ஆக்கம் ஒன்று அதற்கு வழிதிறக்கும். ஊர்வலத்துக்கு ஒருமித்த அடியும் உரத்த முழக்கமும் போதும். அவற்றை மாணவர் குறுகிய பயிற்சியிலே பெற்றுவிடுவர். கேட்பதற்கென அமர்ந்திருக்கும் அவையின் முன், இராவணன் தம்பியை இழந்து தனித்திருக்கும் இரவைச் சொர்ணாளி ஒன்றே ஊதிக்காட்ட வேண்டுமாயின், மூச்சறாது ஊதும் திறனும் ஆண்டுகள் பலவாகப் பழகிய விரலும் வேண்டும். அவ்விரல் எந்த விரிவுரை மண்டபத்திலும் இல்லை. அதனைத் தேடி எவ்வூருக்கு, எவர் வாசலுக்குச் செல்ல வேண்டுமென்பது வந்தாறுமூலையில் யாவரும் அறிந்ததே.