ஆம் சொல்ல மட்டும் வளர்ந்தவள்

16 வயது நிரம்பாத ஒரு சிறுமி தன் உடலுக்கான சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாமா என்பதை இங்கிலாந்தில் இன்றும் ‘கில்லிக் தகுதி’ என்ற பெயரால்தான் அளக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவரோ இந்த அளவுகோலே கூடாது என்று நீதிமன்றம் ஏறியவர். விக்டோரியா கில்லிக் ஐந்து மகள்களின் தாய். தன் அனுமதியின்றி எந்த மருத்துவரும் தன் பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனையோ மருந்தோ தரக்கூடாது என்று வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டில் வென்றார். 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபை 3-2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனக்கு என்ன செய்யப்போகிறார்கள், அதனால் என்ன வரும் என்று புரிந்துகொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் பிள்ளைக்கு வந்துவிட்டால் பெற்றோரின் உரிமை வழிவிட வேண்டும் என்பது நீதிபதி ஸ்கார்மன் சொன்னதன் சாரம். இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடும் செவிலியர், வீட்டிலிருந்து படிவம் திரும்பிவராத 12, 13 வயதுப் பிள்ளையிடம் பேசிப் பார்த்து அவளுடைய சம்மதத்தையே ஏற்கலாம். அதற்கு அடிப்படை இத்தீர்ப்புதான்.

தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவரான டெம்பிள்மனையும் படிக்க வேண்டும். விவரமான 15 வயதுப் பிள்ளை டான்சிலை எடுக்கவோ குடல்வாலை நீக்கவோ சம்மதிக்கலாம் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. கருத்தடை என்று வந்ததும்தான் சிறுமியின் அறிவு அவருக்குப் போதாமல் போகிறது. மயக்க மருந்தையும் கத்தியையும் புரிந்துகொள்கிறவளுக்கு ஒரு மாத்திரை புரியாதா? அவர் அளந்தது அவளுடைய அறிவை அல்ல, உறுப்பை.

கலிபோர்னியாவில் இது தலைகீழாக நடக்கிறது. பால்வினை நோய்களைத் தடுக்கும் மருத்துவத்துக்கு 12 வயதானவரே சம்மதிக்கலாம் என்ற சட்டம் அங்கே 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே எச்பிவி ஊசிக்குச் சிறுமியின் சொல் போதும். அவளே தட்டம்மை ஊசி போட வேண்டுமென்றால் பெற்றோரை அழைத்துவர வேண்டும். நல்ல சட்டம்தான், பல பெண்களுக்குப் பயன்படும். ஆனாலும் பாலுறவின் நிழல் விழும் இடத்தில் மட்டும்தான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் தட்டுப்படுகிறாள். டெம்பிள்மன் கதவைச் சாத்திய அதே இடத்தில் இவர்கள் திறக்கிறார்கள், அவ்வளவே.

கில்லிக்குக்குப் பின் நடந்ததை நம் மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1991இல் மனநல மருந்து வேண்டாம் என்று மறுத்த 15 வயதுப் பெண்ணின் வழக்கும், 1992இல் உணவு மறுப்பு நோயால் வாடிய 16 வயதுப் பெண்ணின் வழக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தன. இருவரின் மறுப்பையும் நீதிமன்றம் தள்ளிவிட முடியும் என்று தீர்ப்பானது. அந்தப் பிள்ளைகளின் உயிர் பற்றிய கவலை உண்மையானது, அதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். ஆனால் விளைந்த விதியைப் பாருங்கள். ஆம் என்றால் அவள் விவரம் தெரிந்தவள். இல்லை என்றால் குழந்தை. வேண்டாம் என்பதற்கு மதிப்பில்லாதபோது சரி என்பது வெறும் தலையாட்டல். கல்யாணப் பேச்சில் நம் வீட்டுப் பெண்களிடம் கேட்கப்படும் சம்மதத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இல்லை என்ற பதிலுக்கே இடமில்லை என்றான பின் கேள்வி எதற்கு? கம்மத்தில் கேட்கவே இல்லை. 2009இல், அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் அமெரிக்க நிறுவனமான பாத், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி ஊசி போட்டது. கம்மத்தில் பலர் ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாகத் தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் கையெழுத்திட மாநில அரசே வழிசெய்திருந்தது. பிற்பாடு சரிபார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் இருந்தது அவர்களுடைய கையெழுத்து. 1,948இல் கைநாட்டு. எதற்கான ஊசி, எவ்வளவு காலம் காக்கும், என்ன தொல்லை வரலாம் என்று யாரும் சரியாக விளக்கவில்லை என்பதை 2010 மார்ச்சில் நேரில் சென்ற ‘சமா’ உள்ளிட்ட பெண்கள் அமைப்பினர் பதிவுசெய்தார்கள். அடுத்த மாதமே திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் இறந்த சிறுமிகளின் சாவுக்கு ஊசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஊசி நல்ல ஊசிதான். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது சம்மதம் பெற்ற விதத்தையும் சேர்த்துத்தான்.

இந்தச் செய்தியைக் கேட்டதும், பெற்றோரின் கையெழுத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கைநாட்டு வைத்த பெற்றோருக்கு யார் என்ன படித்துக் காட்டினார்கள்? 12 வயதானால் பிள்ளையே கையெழுத்திடலாம் என்று சட்டம் போட்டால் மட்டும் என்ன மாறியிருக்கும்? காப்பாளர் சொன்னால் விடுதிப் பிள்ளை கையெழுத்திடாமல் இருப்பாளா? அவளுக்குச் சோறு போடுவதும் அந்த விடுதிதான். கில்லிக் தீர்ப்பில் நமக்கு உதவுவது வயதுக் கணக்கு அல்ல. புரிந்ததா என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் உட்கார்ந்து விளக்கியாக வேண்டும். அந்தக் கடமை ஊசி போடுகிறவர் தலையில் விழுகிறது. அதை வைத்துக்கொண்டு, மறுப்பவளுக்கும் அதே மரியாதையைக் கேட்க வேண்டும்.

நம் சட்டத்தில் இதற்கான இடம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. 12 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது குற்றவியல் சட்டம். கருக்கலைப்புக்கு 18 வயது ஆகாதவளின் காப்பாளர் எழுத்தில் இசைய வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளோ, ஆய்வில் சேர்க்கப்படும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் பெற்றோரின் ஒப்புதலோடு அவளுடைய இசைவையும் எழுத்தில் வாங்கச் சொல்கின்றன. ஆய்வுக்கு மட்டும்தான் அது. கம்மத்தில் நடந்தது ஆய்வல்ல, செயல்விளக்கத் திட்டம் என்றே நடத்தியவர்கள் வாதாடினார்கள்.